இரண்டாவது கேள்வி

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் என் தங்கை வீடு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் மருமகன் உள்ளே வந்தான். ஷூவைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"பேப்பர் குடுத்தாங்களா?"

"மேக்ஸ் குடுத்தாங்க."

"எவ்ளோ?"

"எழுபத்தெட்டு."

தங்கையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுபத்தெட்டு நல்லதா கெட்டதா என்பது அவளுக்கே இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள அவளிடம் இருந்தது ஒரே வழி.

"அவன் எவ்ளோ?"

யார் அந்த 'அவன்' என்று பையன் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பெஞ்சில் உட்காரும் திருச்சினாங்குப்பத்துப் பையன். அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர்.

"தெரியலம்மா."

"பக்கத்துலதானடா உக்கார்றான்? எப்படித் தெரியாமப் போகும்?"

"நான் பாக்கல."

பையை மூலையில் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டான். அவன் சொன்னது பொய் என்று எனக்கும் தெரிந்தது, தங்கைக்கும் தெரிந்தது. பேப்பர் கொடுக்கும் நாளில் பக்கத்து பெஞ்சுக்காரனின் மார்க்கைப் பார்க்காமல் இருந்த மாணவன் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஏன் பொய் சொன்னான் என்பதை மட்டும் அன்றைக்கு நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்தக் கதை கடைசியில்.

'அவன் எவ்ளோ?' என்ற இந்த இரண்டாவது கேள்வி என் தங்கை கண்டுபிடித்ததில்லை. ஹார்பரில் வேலை பார்த்த எங்கள் அப்பா தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் எங்களிடம் கேட்டது. முதல் கேள்விக்குப் பதில் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பொருள் வருவது இரண்டாவது கேள்விக்குப் பிறகுதான். அதற்காகவே ஒரு நண்பனை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கு அது ஒரு நொடி வேலை. கேட்கப்படும் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவுக்குப் போன உளவியலாளர் சுனியா லூதர், நெருக்கடியில் வளரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முதலில் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டபோது, சில விஷயங்களில் இவர்கள் அவர்களைவிட மோசமாக இருந்ததைக் கண்டு தன் ஆராய்ச்சியையே அந்தப் பக்கம் திருப்பியவர். 2017-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில் 506 ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். என் மருமகன் வயதுதான். அவர்களிடம் ஆறு விஷயங்களைக் கொடுத்து, உன் அம்மாவுக்கு இதில் எது முக்கியம், அப்பாவுக்கு எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மூன்று விஷயங்கள் மார்க், வேலை, முன்னேற்றம் பற்றியவை. மற்ற மூன்றும் அடுத்தவரிடம் அன்பாக நடப்பது, உதவுவது பற்றியவை.

பெற்றோரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டிருந்தால் எல்லாரும் "நல்ல மனுஷனா வளரணும், அதான் முக்கியம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் தங்கையும் அதையே சொல்வாள், மனதாரவே சொல்வாள். லூதர் அளந்தது பிள்ளையின் காதில் விழுந்ததை.

அன்பும் மார்க்கும் வீட்டில் ஒரே தட்டில் நிற்கின்றன, அல்லது அன்பு ஒரு படி மேலே இருக்கிறது என்று எண்ணிய பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். அம்மா அப்பா இருவரில் ஒருவராவது மார்க்கைத்தான் பெரிதாக நினைக்கிறார் என்று எண்ணியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், தன்மதிப்பு குறைவு. வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கு மார்க்கும் குறைவு. இங்கே ஒரு சந்தேகம் நியாயமானது. மார்க் குறைவதால்தான் வீட்டில் மார்க் பேச்சு கூடுகிறதோ என்னவோ? இந்த ஆய்வை மட்டும் வைத்து எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது. அதனால் இதை ஓரமாக வைத்துவிட்டு, காரணத்தைச் சோதனைச்சாலையில் கையால் தொட்டுப் பார்த்தவர்களிடம் போவோம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் என்பவர் வலியை ஆராய்கிறார். வலி தொற்றும் என்பது அவர் எலிகளிடம் பார்த்த விஷயம். கூண்டில் கூடவே வளர்ந்த எலி வலியில் துடித்தால், பக்கத்திலுள்ள எலிக்கும் தன் வலி கூடுதலாகத் தெரிகிறது. முன்பின் தெரியாத எலி துடித்தால் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. மனிதர்களில் எப்படி? கல்லூரி மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். தனியாக ஒருமுறை, இன்னொருவரோடு ஒருமுறை. எதிரே நண்பன் அதே ஐஸ் தண்ணீரில் கை வைத்திருந்தால் தன் கை இன்னும் அதிகமாக வலிப்பதாகச் சொன்னார்கள். முகம் தெரியாதவர் என்றால் வலி கூடவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடந்தது.

அந்நியனுக்கும் நண்பனுக்கும் இடையே உடம்புக்குள் என்ன வித்தியாசம்? அந்நியன் பக்கத்தில் இருக்கும்போது உடம்பு இறுக்க ஹார்மோன்களைச் சுரக்கிறது. நமக்குப் பரிச்சயமான பெயர் கார்டிசால். அது சுரக்காமல் தடுக்கும் மெட்டிராபோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது அந்நியனின் வலியும் தொற்றியது. இரக்கம் உள்ளே இருந்துகொண்டுதான் இருந்தது. இறுக்கம் அதன் கழுத்தைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். 2015-இல் இது வெளியானது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆய்வின் கடைசிப் பகுதி. மருந்தில்லாமல் அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியுமா? முகம் தெரியாத இருவரைச் சேர்த்து 15 நிமிடம் 'ராக் பேண்ட்' என்ற வீடியோ கேம் ஆடவிட்டார்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆட்டமில்லை அது, சேர்ந்து பாட்டு வாசிக்கும் ஆட்டம். கால் மணி நேரத்தில் அந்நியர்களுக்கு இடையே வலி தொற்ற ஆரம்பித்தது.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் நினைவுக்கு வந்தது. 'அவன் எவ்ளோ' என்று தினமும் கேட்கும்போது நாம் இந்தச் சோதனையைத் தலைகீழாக நடத்துகிறோம் என்று எனக்குப் படுகிறது. அந்நியனை நண்பனாக்கக் கால் மணி நேரம் போதும் என்றால், நண்பனை அந்நியனாக்க எத்தனை காலாண்டு, எத்தனை அரையாண்டு ஆகும்? இதை யாரும் அளந்ததாகச் சொல்லவில்லை, என் ஊகம். ஆனால் எட்டாம் வகுப்புவரை தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள் பத்தாம் வகுப்பில் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்க்காத ஆசிரியர் உண்டா?

இறுக்கம் படிப்புக்காவது உதவுகிறதா? கொஞ்சம் உதவும். பரீட்சை என்ற பயமே இல்லாதிருந்தால் நான் பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பதை 2009-இல் கானர் லிஸ்டனும் சகாக்களும் அமெரிக்க மருத்துவ மாணவர்களிடம் பார்த்தார்கள். பெரிய உரிமத் தேர்வுக்கு ஒரு மாதமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த 20 பேர். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் தொடர்புகள் தளர்ந்திருப்பதும் ஸ்கேனில் தெரிந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்த பிறகு எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. திரும்பிவிட்டது என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். பிரச்சினை, நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதம் கிடைப்பதில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் அடுத்த வகுப்புக்கு 'வெக்கேஷன் பேட்ச்' தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அண்ணே, எல்லாம் சரி. அவனுக்கு யாரு வேலை குடுப்பாங்க?" என்றாள்.

குழந்தை வளர்ப்பு நூல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

ராயபுரத்தில் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. துறைமுகம், ரயில், மில் என்று இந்தப் பக்கம் ஒரு நூறு ஆண்டுக்கு மேல் வேலை தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பிறகு அதுவே அசோக் லேலண்ட். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. டயர், தீப்பெட்டி, சாணைக்கல், உரம், அனல்மின் நிலையம் என்று சாலையின் இரண்டு பக்கமும் சங்கு ஊதும் கேட்டுகள். எங்கள் அப்பா தலைமுறையில் பத்தாவது தேறினாலோ ஐடிஐ முடித்தாலோ ஏதாவது ஒரு கேட்டுக்குள் போய்விடலாம். அப்ரண்டிஸ், அப்புறம் பர்மனென்ட், அப்புறம் பிஎஃப், கேண்டீன், தீபாவளி போனஸ். கணக்கில் நாற்பது எடுத்தவனும் அறுபது எடுத்தவனும் ஒரே ஷிஃப்டு பஸ்ஸில் ஏறினார்கள். இருவர் வாழ்க்கைக்கும் நடுவே பெரிய பள்ளம் இல்லை.

இன்று என் தங்கை கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறார். ஒரே லைனில், ஒரே மெஷினில் நிற்கும் பர்மனென்ட் ஆளின் சம்பளம் வேறு, அவர் சம்பளம் வேறு. வீட்டில் தினமும் சாப்பாட்டோடு பரிமாறப்படும் செய்தி அந்த வித்தியாசம்தான்.

மத்தியாஸ் டோப்கே, ஃபேப்ரிசியோ சிலிபாட்டி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2019-இல் எழுதிய நூலில், எந்த நாட்டுப் பெற்றோர் பிள்ளைகளை எவ்வளவு நெருக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஸ்வீடன்போல ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் பெற்றோர் பிள்ளையின் போக்கில் விடுகிறார்கள். அமெரிக்கா, சீனாபோல மேலே உள்ளவனுக்கும் கீழே உள்ளவனுக்கும் இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளில் விரட்டுகிறார்கள். பண்பாடு, குணம் என்று நாம் சொல்வதில் பாதி, சம்பளப் பட்டியல். வாசல் குறுகினால் தள்ளுமுள்ளு வரும். தங்கை பேராசையால் நெருக்கவில்லை. வாசல் குறுகிவிட்டதை அவள் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள்.

இன்னொன்று. பணக்கவலை மனதின் இடத்தையே அடைத்துக்கொள்கிறது என்பதற்கான முக்கியமான ஆதாரம் நம் ஊரிலிருந்துதான் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் காசு. அறுவடைக்கு முன் கையில் ஒன்றும் இருக்காது, நகை அடகில் இருக்கும். அறுவடைக்குப் பின் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே ஆளை இரண்டு சமயத்திலும் உட்காரவைத்து அறிவுத்திறன் சோதனை கொடுத்தார்கள். காசு வந்த பிறகு அதே மூளை தெளிவாக வேலை செய்தது. ஆள் மாறவில்லை, கவலைதான் மாறியது.

வடசென்னையில் இதற்கு நேரானது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு தீரும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் பள்ளி திறக்கிறது, ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது, நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மீனவக் குடும்பத்து அம்மா பிள்ளையிடம் நிதானமாகப் பேசவில்லை என்றால், அவளுக்கு வளர்ப்பு தெரியவில்லை என்று சொல்வதற்கு முன் விழுப்புரத்துக் கரும்புக்காரரை நினைத்துக்கொள்ளலாம்.

அரசு இந்த நெருக்கடியைப் பார்க்காமல் இல்லை. மே மாதம் என்றால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், வாயில் லட்டு ஊட்டும் படம் என்றிருந்த வழக்கம் 2017-இல் நின்றது. அந்த ஆண்டு பிளஸ் டூ முடிவுகளோடு ரேங்க் பட்டியல் வெளியிடும் முறையைத் தமிழக அரசு கைவிட்டது. அப்போது கல்வி அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன். நல்ல முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே கையோடு பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். அதை எடுப்பதாக அறிவிக்க 2025 ஆகஸ்ட் ஆயிற்று. பட்டியல் போனாலும் பிளக்ஸ் பேனர் போகவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இன்றும் மே மாதத்தில் பாஸ்போர்ட் போட்டோக்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. அரசாங்கம் முதல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம். இரண்டாவது கேள்வி வீட்டுச் சொத்து.

இனி அன்பு எங்கிருந்து வருகிறது என்ற பக்கம் பார்க்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006-இல் ஒன்றரை வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பெரியவர் ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிடுகிறார், எட்டவில்லை. குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. கையில் நிறைய சாமானோடு அலமாரிக் கதவில் இடிக்கிறார். குழந்தை எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை. 2008-இல் அதன் அடுத்த கட்டம். உதவிய குழந்தைகளில் சிலருக்குப் பொம்மைப் பரிசு கொடுத்துப் பழக்கினார்கள். பரிசை நிறுத்தியபோது அவர்கள் உதவுவதும் குறைந்தது. ஒன்றும் கொடுக்கப்படாத குழந்தைகள் வழக்கம்போல் உதவிக்கொண்டிருந்தார்கள். 'தம்பிக்கு ஊட்டிவிட்டா டெய்ரி மில்க்' என்ற ஒப்பந்தம் நம்மில் யார் போடாதது?

பாராட்டுக்கும் இப்படி ஒரு பின்விளைவு உண்டு. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். கடைசியில், வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுது, உன் மார்க்கையும் எழுது என்றார்கள். படிக்கப்போகிறவன் யாரோ, இவன் பெயரும் அதில் இருக்காது. அப்படியும் புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் மார்க்கைக் கூட்டி எழுதினார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்களில் 13 சதவீதம். டுவெக்கின் கொள்கையைப் பிற்பாடு ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது மார்க்கில் கிடைத்த பலன் சின்னதுதான். அவர் பெயரைச் சொல்லி நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்குக் காசு கட்டும் முன் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அந்தப் பொய்க்கணக்கு என் மனதிலிருந்து போகவில்லை. தான் எவ்வளவு என்பதே தான் யார் என்று ஆகிவிட்ட பிள்ளை, பெயர் தெரியாதவனிடமும் பொய் சொல்கிறது.

ஒன்றரை வயதில் தானாக எழுந்து கதவைத் திறந்த கால்கள் பதினைந்து வயதில் ஏன் எழுவதில்லை? பதில்களில் ஒன்று மிகச் சாதாரணம்: நேரமில்லை. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சியில் இருந்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவர் ஆய்வாளர்களே ஏற்பாடு செய்த ஆள். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். 'லேட் ஆகிவிட்டது, ஓடு' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போனவர்களே கிடந்தவரைத் தாண்டிப் போனார்கள். பக்தியோ குணமோ அதைத் தீர்மானிக்கவில்லை, கடிகாரம் தீர்மானித்தது.

2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கறுப்பு எண்ணெய் திருவொற்றியூர், ராயபுரம் கரைகளில் தார்போல ஒதுங்கியது. பம்புகள் திணற, மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் கடலோரக் காவல்படையோடு வரிசையாக நின்று பக்கெட்டில் அள்ளி அள்ளிக் கைமாற்றினார்கள். எங்கள் தெருவில் ஒரு பிளஸ் டூ பையன் போகிறேன் என்றான். ரிவிஷன் டெஸ்ட் நேரம். வீட்டில் விடவில்லை. சரியான கையுறைகூட இல்லாமல் அந்த எண்ணெயில் பிள்ளைகளை இறக்கியிருக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து, ஆக விடாதது சரிதான். ஆனால் வீட்டில் சொன்ன காரணம் அது இல்லை. "அத பாக்க கவர்மெண்ட் இருக்கு, நீ உன் படிப்ப பாரு." அவன் காதில் விழுந்து தங்கியிருக்கப்போவது இந்த வாக்கியம்.

தங்கையின் வீட்டு அட்டவணையை ஒருநாள் எழுதிப் பார்த்தேன். ஆறு மணிக்கு எழுப்புதல், எட்டரைக்குப் பள்ளி, நாலரைக்குத் திரும்புதல், ஐந்தரை முதல் எட்டு டியூஷன், பிறகு ஹோம்வொர்க். இதில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பால் வாங்கிக் கொடுக்க இடமே இல்லை. முன்பு அது அவன் வேலையாக இருந்தது. டியூஷன் சேர்த்ததும் நின்றுவிட்டது. அவன் கெட்டவனாகிவிடவில்லை, அவன் கையிலிருந்த வேலையை நாங்கள் பிடுங்கிவிட்டோம்.

இந்த முறை தங்கையிடம் ஆய்வு எதுவும் பேசவில்லை. பால் வாங்கும் வேலையை அவனுக்குத் திருப்பிக் கொடு, சனிக்கிழமை டியூஷனை நிறுத்து, இரண்டு மட்டும் கேட்டேன். முதலாவதற்குச் சரி என்றாள். இரண்டாவதற்குப் பாதி சரி. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் லீவு.

அந்தச் சாயங்காலங்களை அவன் கேரம் போர்டில் கழிக்கிறான். வடசென்னைக்குக் கேரம் சொல்லித்தர வேண்டியதில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தபோது இந்தப் பக்கம் சந்துகளில் வெடி வெடித்தார்கள். (உடனே சில வீடுகளில் கேரமுக்கும் கோச்சிங் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.) எங்கள் மொட்டைமாடியில் தங்கம் யாரும் எதிர்பார்க்கவில்லை. போரிக் பவுடர் தூவிய பழைய பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு. இரண்டு பேர் ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டம். மோகில் கொடுத்த கால் மணி நேரத்தைவிடத் தாராளமான நேரம். அவனுக்கு ஜோடி எப்போதும் திருச்சினாங்குப்பத்துப் பையன்.

பிள்ளைகள் பொய் சொல்வதைப் பற்றிக் கனடாவில் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான சோதனையில் மூன்று வயது முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பரிசு என்று சொல்லி ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்தார்கள். பிடித்திருக்கிறதா என்று கொடுத்தவர் கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் முகத்தைச் சரிசெய்துகொண்டு பிடித்திருக்கிறது என்றார்கள். அடுத்தவர் மனம் நோகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிந்தால்தான் அப்படி ஒரு பொய் வரும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தப் பையன் இன்னும் வரவில்லை, நானும் மருமகனும் மட்டும் போர்டில் இருந்தோம். அக்டோபரில் நடந்ததை நானே எடுத்தேன். அவன் உன்னைவிட அதிகம் எடுத்திருப்பான், அதைச் சொல்ல வெட்கப்பட்டாய், அதுதானே என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இல்ல மாமா. அவன் ஃபெயிலு."

எவ்வளவு என்றும் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"அப்போ அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே? உன் எழுபத்தெட்டுக்குத் திட்டு விழுந்திருக்காதே."

"அவங்க அம்மாகிட்டதான் அம்மா ஞாயித்துக்கெழம மீன் வாங்குவாங்க. தெருவுல எல்லாரும் இருப்பாங்க. அம்மா கேட்டுடுவாங்க மாமா."

ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான். விரலை ஊதிக்கொண்டான். ரெட்டுக்குக் குறி பார்த்தபடியே, "அம்மா உங்ககிட்ட கேட்டா உங்களுக்கும் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றான்.